பாத் கட்சியைத் தொடங்கியவருக்கே மரண தண்டனை! யார் இந்த மிஷேல் அஃப்லக்?

2025 ஜனவரி 29. சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸில் புதிய ஆட்சியாளர்கள் வரிசையாகச் சில முடிவுகளை அறிவித்தனர். பழைய நாடாளுமன்றம் கலைப்பு, பழைய ராணுவம் கலைப்பு, அகமது அல்-ஷரா இடைக்கால அதிபர். அந்தப் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: பாத் கட்சி கலைக்கப்படுகிறது.

1963 முதல் 2024 டிசம்பர் 8-ல் பஷார் அல்-அசாத் நாட்டை விட்டு ஓடும் வரை, 61 ஆண்டுகள் சிரியாவில் அதிகாரத்தில் இருந்த கட்சி அது. பக்கத்து நாடான ஈராக்கிலும் இதே பெயர், இதே முழக்கத்தோடு ஒரு கட்சி 1968 முதல் 2003 வரை ஆண்டது. அதன் தலைவரை நமக்கு நல்லாவே தெரியும்: சதாம் உசேன்.

அசாத் குடும்பம், சதாம் உசேன் என இரண்டு சர்வாதிகாரங்களுக்கும் கொள்கை கொடுத்த மனிதர் ஒருவர்தான். அவர் ராணுவ அதிகாரி கிடையாது. ஒரு பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியர். அவர் உருவாக்கிய கட்சியின் ஆட்சி சிரியாவில் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அதே கட்சியின் ஆட்சி ஈராக்கில் அவருக்குக் குவிமாடத்தோடு கல்லறை கட்டியது.

சரி, யார் இந்த மிஷேல் அஃப்லக்? பேச்சு சுதந்திரம், நாடாளுமன்றம் என்று எழுதி வைத்துத் தொடங்கிய கட்சி எப்படி சிறைக்கூடமாக மாறியது? அதில் அவருடைய பங்கு என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

டமாஸ்கஸின் மிதான் பகுதி

அஃப்லக் 1910-ல் டமாஸ்கஸில் பிறந்தார். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தானிய வியாபாரி. அவர்கள் வாழ்ந்த மிதான் பகுதி, தெற்கே ஹவ்ரான் சமவெளியிலிருந்து வரும் கோதுமை இறங்கும் இடம். கிராமத்து விவசாயியும் நகரத்து வியாபாரியும் தினமும் சந்தித்துக்கொள்ளும் இடம்.

அவர் பிறந்தபோது சிரியா ஒட்டோமான் பேரரசின் ஒரு பகுதி. முதல் உலகப்போரில் ஒட்டோமான்கள் தோற்றார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1916-லேயே பிரிட்டனும் பிரான்ஸும் சைக்ஸ்-பிகோ என்ற ரகசிய ஒப்பந்தம் மூலம் அரபு நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1920-ல் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்தது. லெபனான் தனியாக வெட்டப்பட்டது. மிச்சமிருந்த சிரியாவுக்குள்ளேயும் டமாஸ்கஸ், அலெப்போ, அலவிகள் பகுதி, துரூஸ் பகுதி என்று தனித்தனி ஆட்சிகள் உருவாக்கப்பட்டன.

1925-ல் பிரான்ஸுக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி வெடித்தது. பிரெஞ்சுப் படை டமாஸ்கஸ் மீது குண்டு வீசியது. மிதான் பகுதியும் தப்பவில்லை. அப்போது அஃப்லக்குக்கு 15 வயது. 'ஒரே மொழி பேசுகிற நாம் ஏன் இத்தனை துண்டாகக் கிடக்கிறோம்?' என்ற கேள்வி அந்தத் தலைமுறையில் பலருக்கும் எழுந்தது. அஃப்லக் அதை வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

பாரிஸில் கிடைத்த நண்பர்

1929-ல் அவர் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். தன் நாட்டை ஆள்பவர்களின் தலைநகரத்திலேயே, அவர்களுடைய தத்துவத்தையும் வரலாற்றையும் படித்தார். அங்கேதான் சலாஹுதீன் அல்-பிதார் அறிமுகமானார். அவரும் மிதான்காரர்தான். சுன்னி முஸ்லிம், அறிவியல் மாணவர். இந்த நட்புதான் பின்னாளில் பாத் கட்சி ஆனது.

இருவரும் முதலில் ஈர்க்கப்பட்டது மார்க்சியத்தால். 1930-களின் நடுவில் சிரியா திரும்பி ஆசிரியர் வேலையில் சேர்ந்தபோது, கம்யூனிஸ்டுகளோடு நெருக்கமாகத்தான் இருந்தார்கள். ஆனால் 1936-ல் பிரான்ஸில் கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு இடதுசாரி அரசு அமைந்தது. இனி சிரியாவுக்கு விடுதலை என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். சுதந்திரத்துக்கான ஒப்பந்தம் பேசி முடிக்கப்பட்டும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவே இல்லை. சிரிய கம்யூனிஸ்டுகளோ பிரெஞ்சுத் தோழர்களை விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள்.

அஃப்லக் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். பாரிஸிலோ மாஸ்கோவிலோ இருப்பவர்கள் எவ்வளவு முற்போக்காகப் பேசினாலும் அரபு மக்களுக்கு விடுதலை வாங்கித்தரப் போவதில்லை. சமத்துவம் வேண்டும்தான். ஆனா அது அரபு மண்ணிலிருந்தே வர வேண்டும்.

'பாத்' என்றால் என்ன?

'பாத்' என்ற அரபுச் சொல்லுக்கு உயிர்த்தெழுதல், மறுமலர்ச்சி என்று பொருள். அரபு மக்கள் ஒரு காலத்தில் அறிவிலும் ஆட்சியிலும் உயர்ந்து நின்றவர்கள், இப்போது உறங்கிக் கிடக்கிறார்கள், அவர்களை எழுப்ப வேண்டும் என்பதுதான் பெயரின் உட்கருத்து.

1940-களின் தொடக்கத்தில் அஃப்லக்கும் பிதாரும் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர அரசியலுக்கு வந்தார்கள். அதே காலத்தில் ஸகி அல்-அர்சூஸி என்ற அலவி சிந்தனையாளரும் கிட்டத்தட்ட இதே கருத்துகளைப் பேசிக்கொண்டிருந்தார். அவர் வளர்ந்த அலெக்ஸாண்ட்ரெட்டா பகுதியை பிரான்ஸ் 1939-ல் துருக்கியோடு சேரவிட்ட கோபம் அவருக்கு. அவருடைய சீடர்கள் பலர் அஃப்லக் அணியில் இணைந்தார்கள். ஆனா அர்சூஸி வரவில்லை. அஃப்லக் தன் கருத்தைத் திருடிவிட்டதாகவே கடைசி வரை சொன்னார்.

1946 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை சிரியாவிலிருந்து முழுமையாக வெளியேறியது. அடுத்த ஆண்டு, 1947 ஏப்ரல் 7-ல், டமாஸ்கஸில் நடந்த மாநாட்டில் பாத் கட்சி முறைப்படி உருவானது. தலைவர் அஃப்லக், பொதுச்செயலாளர் பிதார்.

மூன்றே சொற்கள்

கட்சியின் முழக்கம் மூன்று சொற்கள்: ஒற்றுமை, விடுதலை, சோசலிசம்.

ஒற்றுமை: மொராக்கோ முதல் ஈராக் வரை அரபு மக்கள் ஒரே தேசம். எல்லைக்கோடுகள் காலனி ஆட்சியாளர்கள் போட்டவை. இதனால் பாத் கட்சியின் அமைப்பு முறையே வேறு மாதிரி இருந்தது. 'தேசியத் தலைமை' என்றால் மொத்த அரபு உலகத்துக்குமான தலைமை. சிரியா, ஈராக் போன்ற நாடுகள் கட்சியின் கணக்கில் வெறும் 'வட்டாரங்கள்'. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சண்டைகள் புரியும்.

விடுதலை: அந்நிய ஆட்சியிலிருந்து விடுதலை மட்டுமல்ல, குடிமகனின் தனிமனித சுதந்திரமும்.

சோசலிசம்: வர்க்கப் போராட்டம் அல்ல, ஏழை விவசாயிக்கும் தொழிலாளிக்கும் நியாயமான பங்கு. 1947 கட்சி சாசனம் தனிச்சொத்தையும் வாரிசுரிமையையும் தேச நலனுக்கு உட்பட்டு ஏற்றுக்கொண்டது.

அந்தச் சாசனத்தை இன்று படித்தால் ஆச்சரியமா இருக்கும். அதில் இருந்த சில விஷயங்கள்:

- ஆட்சி முறை நாடாளுமன்ற ஜனநாயகம். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சபைக்கு அரசு பதில் சொல்ல வேண்டும்.
- அதிகாரம் மக்களுடையது.
- பேச்சு, கூட்டம், நம்பிக்கை, கலை ஆகியவற்றின் சுதந்திரம் புனிதமானது. எந்த அதிகாரமும் அதைக் குறைக்க முடியாது.
- பெண்களுக்குக் குடிமக்களுக்குரிய முழு உரிமை.

பிற்காலத்தில் சிரியாவிலும் ஈராக்கிலும் எதைப் பேசினால் மக்கள் காணாமல் போனார்களோ, அதெல்லாம் இந்தக் கட்சியின் சாசனத்திலேயே உரிமையாக எழுதப்பட்டிருந்தது.

கிறிஸ்தவரின் இஸ்லாம் உரை

1943-ல் சிரியப் பல்கலைக்கழகத்தில் நபிகள் நாயகத்தின் நினைவாக அஃப்லக் ஒரு உரை நிகழ்த்தினார். ஒரு கிறிஸ்தவர் இப்படிப் பேசியது அன்றைக்குப் பெரிய விஷயம்.

அவருடைய வாதம் இதுதான்: இஸ்லாம் என்பது முஸ்லிம்களின் மதம் மட்டுமல்ல, அரபு இனத்தின் ஆன்மா விழித்தெழுந்த தருணம். ஆகவே அரபுக் கிறிஸ்தவருக்கும் அது சொந்தப் பண்பாடு. நபிகளின் வாழ்க்கை ஒவ்வொரு அரபுக்கும் முன்மாதிரி.

இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் இருந்தது. மதத்தின் அடிப்படையில் அரசியல் செய்தால் கிறிஸ்தவர், அலவி, துரூஸ், இஸ்மாயிலி ஆகிய சிறுபான்மையினர் எப்போதும் வெளியாட்கள்தான். மொழியும் பண்பாடும் அடிப்படை என்றால், எல்லோரும் உள்ளே வரலாம். கிராமப்புறச் சிறுபான்மை இளைஞர்கள் பாத் கட்சியை நோக்கி வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

கதவு யாருக்கு மூடியது?

ஆனால் மொழியை அடிப்படையாக வைத்தால் வேறொரு சிக்கல். அரபு மொழி பேசாதவர்கள் என்ன ஆவார்கள்?

சாசனப்படி அரபு என்பவர் யார் என்றால், அரபு மொழி பேசுபவர், அரபு மண்ணில் வாழ்பவர், அரபு தேசத்தைச் சேர்ந்தவன் என்று நம்புபவர். அரபு தேசத்துக்கு எதிரான இனக்குழு அமைப்பில் சேர்பவருக்கு அந்த மண்ணில் இடமில்லை என்றும் அதே சாசனம் சொன்னது. சிரியாவிலும் ஈராக்கிலும் லட்சக்கணக்கில் வாழ்ந்த குர்து மக்களுக்கு இதன் அர்த்தம் ரொம்ப எளிது: அரபுவாக மாறிவிடு, இல்லையென்றால் சந்தேகத்துக்குரியவன்.

ஆட்சி கைக்கு வந்ததும் இந்த வரிகளுக்கு உயிர் வந்தது. குர்து பகுதிகளில் அரபு மக்கள் குடியேற்றப்பட்டார்கள். குர்து மொழிக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் சிரியாவில் தடைகள் வந்தன. அதன் உச்சம் 1988 மார்ச் 16: ஈராக்கின் ஹலப்ஜா நகரில் சதாமின் விமானங்கள் வீசிய ரசாயனக் குண்டுகளில் சுமார் 5,000 பேர் உயிரிழந்தனர். அஃப்லக் இதை எழுதி வைக்கவில்லை. ஆனா யார் உள்ளே, யார் வெளியே என்ற கோட்டைப் போட்டது அவர் தொடங்கிய கட்சியின் சாசனம்தான்.

சிறையிலிருந்து ஒரு கடிதம்

அஃப்லக் நல்ல எழுத்தாளர். மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டுப் பேசுவார். இளைஞர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எளிமையாக வாழ்ந்தார், பணம் சேர்க்கவில்லை. ஆனா அன்றாட அரசியலின் அடிதடிக்கு அவர் பழக்கப்பட்டவர் அல்ல.

1949 மார்ச்சில் சிரியாவில் ராணுவத் தளபதி ஹுஸ்னி அல்-ஸயீம் ஆட்சியைப் பிடித்தார். அஃப்லக் கைதானார். சிறையில் கடுமையாக நடத்தப்பட்ட அவர், ஸயீமுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசியலிலிருந்து விலகுவதாக அதில் உறுதி கொடுத்தார். இந்தக் கடிதம் கட்சித் தொண்டர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. சில மாதங்களில் ஸயீம் வேறொரு ராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டார். அஃப்லக் கொஞ்ச காலம் கல்வி அமைச்சராகவும் இருந்தார். ஆனா அந்தக் கடிதத்தை எதிரிகள் கடைசி வரை மறக்கவில்லை.

1950-களின் தொடக்கத்தில், ஹமா நகரைச் சேர்ந்த அக்ரம் அல்-ஹவ்ரானியின் அரபு சோசலிஸ்ட் கட்சி பாத் கட்சியோடு இணைந்தது. ஹவ்ரானிக்கு விவசாயிகளிடம் செல்வாக்கு, ராணுவ அதிகாரிகளிடமும் தொடர்பு. அஃப்லக்கிடம் கருத்து இருந்தது, ஹவ்ரானியிடம் ஆள் இருந்தது. அது முதல் 'அரபு சோசலிச பாத் கட்சி' என்ற பெயர் வந்தது.

நாசரிடம் போன கட்சி

1950-களில் அரபு உலகின் நாயகன் எகிப்து அதிபர் நாசர். சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியவர். அரபு ஒற்றுமைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று பாத் கட்சி நினைத்தது. 1958 பிப்ரவரியில் எகிப்தும் சிரியாவும் இணைந்து 'ஐக்கிய அரபுக் குடியரசு' உருவானது.

நாசர் போட்ட நிபந்தனை: சிரியாவில் எல்லாக் கட்சிகளும் கலைக்கப்பட வேண்டும். பாத் கட்சியும்தான். அஃப்லக் ஒப்புக்கொண்டார். புதிய நாட்டின் கொள்கை வழிகாட்டியாகத் தங்களை நாசர் வைத்துக்கொள்வார் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பாகிப்போனது. உண்மையான அதிகாரம் கெய்ரோவிடமே இருந்தது. 1961 செப்டம்பர் 28-ல் சிரிய ராணுவத்தின் ஒரு பிரிவு கிளர்ச்சி செய்து, சிரியா பிரிந்துபோனது.

இதற்கிடையில் எகிப்தில் வேறொன்று நடந்தது. அங்கே பணிக்கு அனுப்பப்பட்டிருந்த சில சிரிய ராணுவ அதிகாரிகள் ரகசியமாக ஒரு 'ராணுவக் குழு' அமைத்தார்கள். எல்லோரும் பாத் கட்சிக்காரர்கள். தங்களைக் கேட்காமலே கட்சியைக் கலைத்துவிட்ட அஃப்லக் மீது அவர்களுக்குக் கடும் கோபம். அதில் முக்கியமானவர்கள் முகமது உம்ரான், சலா ஜதீத், ஹபீஸ் அல்-அசாத். மூவருமே அலவிகள்.

ஹபீஸ் அல்-அசாத்தின் கதை அந்தத் தலைமுறைக்கே ஓர் உதாரணம். கர்தாஹா என்ற மலைக்கிராமத்துப் பையன். பள்ளிப் பருவத்திலேயே பாத் கட்சியில் சேர்ந்தவர். டாக்டராக ஆசை, வீட்டில் வசதி இல்லை. ராணுவக் கல்லூரியில் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்பதால் விமானப்படைக்குப் போனார். கிராமத்து ஏழைப் பிள்ளைகளை அரசியலுக்கு அழைத்தது அஃப்லக் போன்ற ஆசிரியர்களின் பேச்சு. அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தது ராணுவம்.

1963: வெற்றியா, தோல்வியா?

1963 பிப்ரவரி 8-ல் ஈராக்கில் பாத் கட்சியும் அதன் ஆதரவு ராணுவ அதிகாரிகளும் ஆட்சியைப் பிடித்தார்கள். ஒரே மாதத்தில், மார்ச் 8-ல், சிரியாவிலும் ராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. இந்தத் திட்டத்துக்கு அஃப்லக்கின் ஒப்புதலும் கிடைத்திருந்தது. பிதார் பிரதமர் ஆனார்.

வெளியே பார்த்தால் பாத் கட்சிக்கு இரட்டை வெற்றி. உள்ளே நிலைமை வேறு. 1958-ல் கலைக்கப்பட்ட கட்சியில் உறுப்பினர்கள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தார்கள். மக்கள் இயக்கம் கிடையாது, தேர்தல் வெற்றி கிடையாது. அதிகாரத்துக்கு வந்தது டாங்கிகளின் துணையோடு. அப்போ உண்மையான முதலாளி யார்? டாங்கி வைத்திருப்பவர்தான்.

அதே ஆண்டு எகிப்து, சிரியா, ஈராக் மூன்றையும் இணைக்கும் பேச்சுவார்த்தை கெய்ரோவில் நடந்தது. நாசர் கேள்விமேல் கேள்வி கேட்க, அஃப்லக் தடுமாறினார். பின்னர் உறவு முறிந்ததும் அந்தப் பேச்சுவார்த்தைப் பதிவுகளை எகிப்து வெளியிட்டது. அரபு ஒற்றுமையின் தத்துவவாதி அதன் நடைமுறை பற்றித் தெளிவாகப் பதில் சொல்ல முடியாமல் திணறியதை அரபு உலகமே தெரிந்துகொண்டது.

ஈராக்கில் அந்த ஒன்பது மாத ஆட்சியில், பாத் கட்சியின் ஆயுதப் படை கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியது. நவம்பரில் ராணுவமே அந்த ஆட்சியைத் தள்ளிவிட்டது. சிரியாவில் கட்சிக்குள் தீவிர இடதுசாரிகளும் ராணுவக்காரர்களும் சேர்ந்து அஃப்லக்கை ஓரம் கட்டினார்கள். 1965-ல் அவர் கட்சித் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக, ஜோர்டானைச் சேர்ந்த முனிஃப் அல்-ரஸ்ஸாஸ் பொதுச்செயலாளர் ஆனார்.

1966 பிப்ரவரி 23. சலா ஜதீத் தலைமையிலான அதிகாரிகள், தங்கள் சொந்தக் கட்சியின் ஆட்சியையே கவிழ்த்தார்கள். அஃப்லக்கும் பிதாரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு நாட்டை விட்டுத் தப்பினார்கள். அஃப்லக் லெபனான் போய், பிறகு பிரேசிலில் கொஞ்ச காலம் இருந்தார். அதன்பின் அவர் சிரியாவில் வாழவே இல்லை.

1970 நவம்பரில் ஜதீத்தையும் சிறையில் தள்ளிவிட்டு ஹபீஸ் அல்-அசாத் முழு அதிகாரத்தைக் கைப்பற்றினார். 1971-ல் சிரியா, அஃப்லக் இல்லாமலே வழக்கு நடத்தி, அவருக்கு மரண தண்டனை விதித்தது. கட்சியின் வரலாறும் மாற்றி எழுதப்பட்டது. நிறுவனர் என்று கொண்டாடப்பட்டவர், எந்த அர்சூஸி தன் கருத்து திருடப்பட்டதாகச் சொன்னாரோ, அவர்தான்.

பாக்தாத்தில் ஒரு நாற்காலி

1968 ஜூலை 17-ல் ஈராக்கில் பாத் கட்சி மறுபடியும் ஆட்சிக்கு வந்தது. அதிபர் அகமது ஹசன் அல்-பக்ர், அவருக்குப் பின்னால் சதாம் உசேன். கட்சிக்குள் சதாம் வளர்ந்ததில் அஃப்லக்கின் ஆதரவுக்கும் பங்கு உண்டு.

ஈராக் ஆட்சியாளர்களுக்கு அஃப்லக் தேவைப்பட்டார். காரணம் எளிது. சிரியாவிலும் பாத் கட்சி, ஈராக்கிலும் பாத் கட்சி. இரண்டுக்கும் தனித்தனி 'தேசியத் தலைமை'. நாங்கதான் அசல், அவங்க போலி என்று இரண்டும் சொல்லின. கட்சியைத் தொடங்கியவரே எங்களோடு இருக்கிறார் என்பதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்? அஃப்லக் அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக வைக்கப்பட்டார்.

ஒரு முறை அவர் எதிர்ப்பு காட்டினார். 1970 செப்டம்பரில் ஜோர்டான் ராணுவம் பாலஸ்தீனப் போராளிகளைத் தாக்கியபோது, அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஈராக் படை கைகட்டி நின்றது. கோபத்தில் அஃப்லக் லெபனானுக்குப் போய்விட்டார். 1970-களின் நடுவில் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் மறுபடியும் பாக்தாத்தில் குடியேறினார். பெரிய பதவி, மரியாதை எல்லாம் கிடைத்தது. முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் கிடையாது.

1979 ஜூலையில் சதாம் அதிபர் ஆனார். சில நாட்களில் கட்சிக் கூட்டத்திலேயே பெயர்களை வாசித்து, சதி செய்ததாகத் தலைவர்களை வெளியே இழுத்துச் சென்று, பலருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அப்போதும் அஃப்லக்தான் கட்சியின் பொதுச்செயலாளர். 1980-ல் ஈரான் மீது போர், 1988-ல் ஹலப்ஜா. எதற்கும் அவர் பதவி விலகவில்லை.

அரபு ஒற்றுமைக்காகத் தொடங்கிய கட்சியின் இரண்டு ஆட்சிகளும் ஒன்றையொன்று அழிக்கப் பார்த்தன. ஈரான்-ஈராக் போரில் சிரியா ஆதரித்தது ஈரானை. 1982-ல் ஈராக்கின் எண்ணெய்க் குழாயை சிரியா மூடியது. 1991 வளைகுடாப் போரில் ஈராக்குக்கு எதிரான அமெரிக்கக் கூட்டணியில் சிரியப் படையும் இருந்தது.

நண்பர் தேர்ந்தெடுத்த வழி

அஃப்லக்கின் பொறுப்பு என்ன என்று பேசும்போது, பிதாரையும் பார்க்க வேண்டும். 1966-ல் இருவரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தவர்கள். பிறகு பாதை பிரிந்தது.

பிதார் ஈராக் அரசின் நிழலில் நிற்கவில்லை. பாரிஸில் 'அல்-இஹ்யா அல்-அரபி' என்ற பத்திரிகை நடத்தினார். அசாத் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தார். தன் கட்சியின் ஆட்சியில் நடந்ததற்காக சிரிய மக்களிடம் மன்னிப்பும் கேட்டு எழுதினார். 1980 ஜூலை 21-ல் பாரிஸில் சுட்டுக்கொல்லப்பட்டார். சந்தேகம் சிரிய உளவுத்துறை மீது விழுந்தது.

அஃப்லக் 1989 ஜூன் 23-ல், அதே பாரிஸில், சிகிச்சையில் இருந்தபோது இறந்தார். உடல் பாக்தாத் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. அப்போது ஈராக் அரசு ஒரு அறிவிப்பு செய்தது: அவர் இறப்பதற்கு முன்பே இஸ்லாத்தைத் தழுவிவிட்டார். உண்மையா, சதாமின் அரசியலா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. மதத்தைத் தாண்டிய தேசம் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசியவரைப் பற்றிய கடைசிச் செய்தியே அவருடைய மதம் பற்றியதாக ஆகிவிட்டது.

அப்போ, தப்பு யாருடையது?

இதில் அறிஞர்களிடையே இரண்டு பார்வைகள் உண்டு.

முதல் பார்வை: அஃப்லக் ஏமாற்றப்பட்டவர். அவர் எழுதியது ஜனநாயகம். அதை ராணுவக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். 1966-க்குப் பிறகு சிரியாவில் நடந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவரைத் துரத்தியவர்களின் ஆட்சிதான் 1982-ல் ஹமா நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

இரண்டாவது பார்வை: விதை அவருடைய எழுத்திலேயே இருந்தது. தேசத்தின் உண்மையான ஆன்மா எது என்று எங்களுக்குத்தான் தெரியும், மக்கள் இன்னும் விழிக்கவில்லை, நாங்கள் அவர்களை எழுப்புகிறோம் என்று ஒரு சிறு குழு நம்பத் தொடங்கினால், மக்களின் ஒப்புதலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். அஃப்லக் பேசிய 'இன்கிலாப்' என்ற சொல் மனிதனின் உள்ளே நடக்கும் மாற்றத்தைக் குறித்தது. அரபு மொழியில் அதே சொல்லுக்கு ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு என்ற பொருளும் உண்டு. இளம் அதிகாரிகளுக்கு இரண்டாவது அர்த்தமே வசதியாக இருந்தது.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. சாசனத்தில் நாடாளுமன்றம் இருந்தது, ஆனால் அந்த நாடாளுமன்றத்தை யார் காப்பாற்றுவது, தோற்றால் கட்சி வீட்டுக்குப் போகுமா என்பதற்கெல்லாம் பதில் இல்லை. 1958-ல் கட்சியைக் கலைக்க ஒப்புக்கொண்டபோதும், 1963-ல் டாங்கிகளுக்குச் சம்மதித்தபோதும், கொள்கைக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது என்றே அஃப்லக் நினைத்தார். இவை இரண்டும் அவரே எடுத்த முடிவுகள். பாக்தாத்தில் காத்த மௌனமும் அப்படித்தான்.

இன்று மிச்சம் என்ன?

2003-ல் அமெரிக்கா ஈராக்கைக் கைப்பற்றியது. மே 16-ல் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் போட்ட முதல் உத்தரவே பாத் கட்சியை ஒழிப்பதுதான். மேல்மட்ட உறுப்பினர்கள் அனைவரும் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். வேலைக்காகக் கட்சியில் சேர்ந்திருந்த ஆசிரியர்களும் அதில் அடக்கம். அடுத்த சில நாட்களில் ராணுவமும் கலைக்கப்பட்டது. வேலையிழந்த அதிகாரிகளில் பலர் ஆயுதக் குழுக்களில் சேர்ந்ததும், ஈராக் ரத்தக்களரி ஆனதும் நாம் பார்த்ததுதான். அஃப்லக்கின் கல்லறை அமெரிக்கப் படையின் 'கிரீன் ஸோன்' பாதுகாப்பு வளையத்துக்குள் வந்து, வீரர்கள் தங்கும் இடமாகவும் பயன்பட்டது.

சிரியாவில் அரசையும் சமூகத்தையும் வழிநடத்தும் கட்சி என்று பாத் கட்சியை 1973 அரசியலமைப்பு அறிவித்திருந்தது. 2012-ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டாலும் ஆட்சி மாறவில்லை. 2024 டிசம்பர் 8-ல் அசாத் ஓடிய மூன்றே நாளில், கட்சி தன் வேலைகளைத் தானே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. எதிர்த்துத் தெருவில் இறங்க ஒரு கூட்டம்கூட இல்லை. அடுத்த மாதம் கலைப்பு உத்தரவு வந்தது.

ஆனால் அஃப்லக் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. சுன்னி, அலவி, துரூஸ், கிறிஸ்தவர், குர்து என்று பிரிந்து கிடக்கும் சிரியாவில் எல்லோரையும் குடிமக்களாகச் சேர்த்து வைக்கப் போவது எது? மொழி என்று அவர் பதில் சொன்னார். அதில் குர்து மக்களுக்கு இடமில்லை. மதம் என்று சொன்னால் சிறுபான்மையினருக்கு இடம் இருக்காது. கட்சி போய்விட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இப்போது புதிய ஆட்சியாளர்களிடம் வந்திருக்கிறது.